வெற்றிலை எடுத்த தீர்மானம்

2024 ஆகஸ்டில், ஜோஸ்லின் டீச்சர் அந்தப் பள்ளிக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. மலையில், மாரமங்கலம் ஊருக்கு மேலே, மண்பாதை முடியும் இடத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. பிள்ளைகள் பதினொரு பேர். ஆசிரியை, தலைமையாசிரியை இரண்டும் அவரே.

பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை மூடப்போவதாகப் பேச்சு இருந்தது. அப்போதுதான் சுற்றறிக்கை வந்தது: பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதி அனுப்பினால் மானியம். மானியம் கொடுத்த பள்ளியை மூடவா போகிறார்கள் என்று ஜோஸ்லின் நம்பினார். ஒரே நிபந்தனை, திட்டம் பெற்றோர் கூடி எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

பெற்றோர் கூட்டமென்றால் மூன்று பேர் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் ஊர் முறைப்படி வெற்றிலைத் தட்டு வைத்துக் கூப்பிட்டார். பேசி முடித்து வெற்றிலை எடுத்துவிட்டால் அந்தப் பேச்சை யாரும் மாற்றக் கூடாது. ஊரே வந்தது.

“பெரிய டீவி எழுதுங்க டீச்சர். சாயங்காலம் நாங்களும் வந்து உக்காந்துக்கறோம்” என்றான் மாதப்பன்.

“அஞ்சாவதே தாண்டாத ஆளுக்கு டீவி ஒண்ணுதான் கொறச்சல்” என்றாள் பள்ளிக் குழுத் தலைவி மலர். “வேன் எழுதுங்க டீச்சர். எம்பொண்ணு ஆறாவதுக்கு மாரமங்கலம் வரைக்கும் காட்டுவழியா நடக்கறா. போன மாசம் தடத்துல காட்டெருமை நின்னுச்சு. நொம்ப பயமா இருக்குதுங்க.”

யாரும் மறுக்கவில்லை. வெற்றிலை எடுத்தார்கள்.

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் எழுத்தர் வெங்கடேஷ் தீர்மானத் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “மேடம், வேன் வந்தா சின்னதுகளையும் அதுலயே ஏத்தி அனுப்பலாமேன்னு மேல கேப்பாங்க. அப்புறம் உங்க ஸ்கூல் எதுக்கு? கழிப்பறை, கம்ப்யூட்டர்னு மாத்திட்டு வாங்க.”

அன்றே ஜோஸ்லின் மலர் வீட்டுக்கு ஏறினார். “வேன்னு எழுதினா பள்ளிக்கூடத்தையே மூடிருவாங்க மலர். மாத்திரலாமா?”

“ஏனுங்க டீச்சர், தட்டு வெச்சது நீங்கதானுங்களே. வெத்தலையும் எடுத்தாச்சு. மாத்துன்னா, எம்புள்ளைய இன்னமும் காட்டுல உடச் சொல்றீங்களா?”

மலரின் மகளுக்கு ஐந்து வருடம் பாடம் சொன்னவர் ஜோஸ்லின். மறுநாள் அலுவலகத்தில், இரவல் பேனாவில் ஒரு வரியை அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அடிக்கவில்லை. கையெழுத்தும் கைநாட்டுமாக இருந்த தாளை அப்படியே கொடுத்தார்.

மார்ச்சில் உத்தரவு வந்தது. வேன் உண்டு, பள்ளி மாரமங்கலத்தோடு இணைக்கப்படுகிறது. வேன் மண்பாதையில் ஏறாது, கீழே தார்ரோட்டில் நிற்கும். ஊரிலிருந்து அங்கே வரை காட்டுவழியாக ஒன்றரை கிலோமீட்டர் நடை.

எட்டுப் பிள்ளைகளுக்கு மாரமங்கலத்தில் பெயர் பதிந்தாகிவிட்டது. மற்ற மூன்றும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பெற்றோர் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஜோஸ்லினுக்கு அடிவாரத்துப் பள்ளிக்கு மாறுதல். ஜூன் இரண்டாம் தேதி சேர வேண்டும்.