மாவுக்கட்டுக்குள் ஒரு தார்க்குச்சி

ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாதவள் நான். அப்படிப்பட்ட என்னைக் கழுத்திலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுக்குள் அடைத்து, ஆறு மாதம் அசையாமல் படு என்றார்கள். எழுபதுகளின் தொடக்கம், எனக்குப் பதினோரு வயது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துகொண்டே போனதால், சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முதுகைத் திறந்து, நீளமாக ஒரு எஃகுக் கம்பியைக் கொக்கி போட்டு மாட்டியிருந்தார்கள். தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டுவது போலத்தான் என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் விளக்குவார்.

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டார்கள். மூன்றாவது வாரம் அரிப்பு தொடங்கியது. கட்டுக்குள் கை போகாது, புரளவும் முடியாது. எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். கடைசியில், கைக்கெட்டிய கூடையிலிருந்து ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சி ஒன்றை எடுத்து, கழுத்து வழியாக உள்ளே விட்டுச் சொறிந்தேன். சொர்க்கம். வெளியே எடுத்தபோது நுனியில் மஞ்சளாக ஈரம் இருந்தது. போர்வையில் துடைத்து, மெத்தைக்கடியில் ஒளித்துவைத்தேன். தினமும் அதே வேலைதான்.

பிறகு காய்ச்சல் வந்தது. நாற்றமும் வந்திருக்க வேண்டும். ஆனால் கொல்லையில் கச்சாப் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைக்கிற வீட்டில் யாருக்கு மூக்கு வேலை செய்யும்? முசரவாக்கத்தில் பயிர் வைக்கும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டிருந்த சித்தி என்னைப் பார்க்க வந்தாள். கட்டிலருகே குனிந்தவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"இது பட்டு வாடை இல்லக்கா. புண்ணு வாடை."

அரை மணியில் வாடகைக் கார் வந்தது. மெத்தையைச் சுருட்டிக் காரில் விரித்து, என்னைப் படுக்கவைத்தாள் அம்மா. நேராகச் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பெரிய டாக்டர் மாவுக்கட்டை வெட்டித் திறந்தார். தையலெல்லாம் சீழ். கம்பியை எடுத்துவிட்டால் புண் சீக்கிரம் ஆறும், ஆனால் எலும்பு இன்னும் ஒட்டவில்லை, முதுகு பழையபடி வளைந்துவிடும் என்றார். திறந்து கழுவி, ஊசி மருந்து போட்டு, முடிந்தவரை கம்பியைக் காப்பாற்றிப் பார்க்கலாம். பிறகு, உள்ளே யாராவது எதையாவது விட்டீர்களா என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் கோபத்தில் கம்பியைப் பிடுங்கிவிடுவார், திரும்பவும் கூனியாகிவிடுவேன் என்று பயந்தேன்.

"நான்தாங்க சார் குச்சி வுட்டேன்," என்றாள் அம்மா. "அரிக்குதுன்னு துடிச்சிக்கினு இருந்தா. மனசு கேக்கல."

டாக்டர் வார்டே கேட்கும்படி அவளைத் திட்டித் தீர்த்தார். அவள் தலைகுனிந்து நின்றாள்.

இரண்டு முறை திறந்து கழுவினார்கள். வாரக்கணக்கில் ஊசி போட்டார்கள். கம்பி தங்கியது, எலும்பு கூடிய பிறகுதான் அதை எடுத்தார்கள். என் முதுகு இன்றுவரை நேராகத்தான் இருக்கிறது. ஆபரேஷனின்போதே உள்ளே சீழ் பிடித்திருக்கும், குச்சியால் வந்திருக்காது என்று பல வருடம் கழித்து வேறொரு டாக்டர் சொன்னார். அதைக் கேட்க அம்மா இல்லை.

அன்று அவள் திட்டு வாங்கியபோது எனக்குப் பெரிய நிம்மதி. நான் தூங்கும்போது அவளும் சொறிந்துவிட்டிருக்கிறாள், தப்பில் பாதி அவளுடையது என்று நினைத்துக்கொண்டேன். குச்சியை ஒளித்துவைத்திருந்த மெத்தையைச் சுருட்டியது அவள்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.