மேளம் நின்ற நேரம்

விசாலாட்சி ராகு காலத்தில் எம்ஆர்டி ரயில் ஏற மாட்டார். சிங்கப்பூர் ஈசூனில் அவர் வசிக்கும் அடுக்குமாடி புளோக்கில் யார் வீட்டு விசேஷமானாலும் வெற்றிலைத் தட்டு முதல் பந்தி வரை அவரைக் கேட்டுத்தான் நடக்கும். ஒருமுறை உறவுக்காரர் கல்யாணத்தில் தவில்காரர் தண்ணீர் குடிக்க நிறுத்திவிட்டார். "முகூர்த்த நேரத்துல மேளம் நிக்கலாமா?" என்று சபையிலேயே அந்த மனிதரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

கணவர் பரமசிவம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பார்க்கின்சன் நோய் வந்தபிறகு, நன்றாக நடந்துகொண்டே இருப்பார். ஆனால் லிப்ட் வாசல் வந்ததும் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அவரும் எவ்வளவோ முயல்வார். கால் அசையாது.

மறுவாழ்வு மையத்தில் இசை சிகிச்சை தரும் ரோஷினி, அவர் காதில் இயர்போனை மாட்டி, செருப்பில் நடையை அளக்கும் ஒரு சிறிய சென்சாரைப் பொருத்தினாள்.

"சீரா ஒரு தாளம் கேட்டா கால் அதைப் பிடிச்சுக்கும், அங்கிள். நீங்க ஸ்லோ ஆனா போன்ல இருக்கற ஆப்பே பீட்டை அட்ஜஸ்ட் பண்ணிடும் லா."

இத்தனை மாத்திரைக்கு அசையாத கால் பாட்டுக்கா அசையப்போகிறது என்று விசாலாட்சி நினைத்தார். அடுத்த மாதமே பரமசிவம் லிப்ட் வாசலைத் தாண்டினார். விசாலாட்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

பரமசிவத்துக்கு ஒரே ஆசைதான். மகள் தாரணியின் கல்யாணத்தில் சொந்தக் காலில் மணவறைக்கு நடந்துபோய்த் தாரை வார்க்க வேண்டும். சக்கர நாற்காலி என்று யாராவது வாயெடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டு வராந்தாவில், புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை அது நடக்கவிருந்த கோயில் மண்டபத்திலேயே நடந்து பழகினார். கோயிலில் செருப்புக் கூடாது என்று சென்சாரைக் கணுக்காலில் கட்டச் சொன்னதும் விசாலாட்சிதான். எல்லாவற்றையும் யோசித்தவர், காலியான மண்டபத்தில் மேளம் இல்லை என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மறுநாள் பரமசிவம் நடக்கத் தொடங்கியதும் நாதஸ்வரமும் தவிலும் வெளுத்து வாங்கின. மணவறை வரை விரித்திருந்த கம்பளத்தின் விளிம்பில் கால்கள் நின்றுவிட்டன.

"விசாலம், காதுல தாளம் ஒண்ணுமே கேக்கலை."

விசாலாட்சி போனில் சத்தத்தைக் கடைசிவரை கூட்டிப் பார்த்தார். பயனில்லை. மணவறையில் ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதைக் கண்டதும் பரமசிவத்தின் கண்கள் நிறைந்தன. விசாலாட்சி மேளக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"மேளத்தை நிறுத்துங்க!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. தவில்காரர் கையைத் தூக்கியபடி விழித்தார். முன்பு இவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே மனிதர்.

நாத்தனார் அன்னம்மா ஓடிவந்தார். "அண்ணி, அபசகுனம் லா! நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

"அவர் நடக்கட்டும், அன்னம்மா. என்ன வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

மண்டபம் அடங்கியது. வேறு எவர் காதுக்கும் எட்டாத தாளம் பரமசிவத்தின் காதுக்குள் மறுபடி கேட்டது. வலது கால் நகர்ந்தது. பின்னாலேயே இடது கால். விசாலாட்சி பக்கத்திலேயே நடந்தார், தொடவில்லை.

மணவறையில் உட்கார்ந்ததும் பரமசிவம் இயர்போனைக் கழற்றி மனைவி கையில் கொடுத்தார்.

"இப்ப வாசிக்கச் சொல்லு."

சற்றுமுன் மண்டபமே அதிரக் கத்தியவர், இப்போது தவில்காரரைப் பார்த்துக் கைகூப்பினார்.