நீலச் சீசா

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு பழைய வீட்டை வாங்கினோம். குளியலறை கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது, முழங்கால் ஆழத்திலேயே சாம்பலும் கண்ணாடியும் பீங்கானுமாக வந்தன. வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்தில் அங்கே குப்பை கொட்டுவார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நான் பெண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பள்ளி விட்டு வந்ததும் கிணற்றடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவுவேன். பூப்போட்ட பீங்கான் சில்லின் விளிம்பை வீட்டுத் தட்டோடு வைத்துப் பார்ப்பேன். வளைவு பொருந்தினால் தட்டு, அதைவிடக் குறுகினால் கோப்பை. எங்கள் எண்ணெய் பாட்டிலில், அச்சின் இரண்டு பாதிகள் சேரும் கோடு வாய்வரை ஓடியது. மண்ணில் கிடைத்த பாட்டில்களில் அது கழுத்திலேயே நின்றுவிட்டது. அப்படியானால் வாயை மட்டும் கையால் செய்து முடித்திருக்கிறார்கள். அதைக் கண்டுகொண்ட அன்று, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று கணவரின் சைக்கிள் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

மண் சுமக்கப் பக்கத்துக் கிராமமான அகரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கைக்குழந்தையை வேப்பமரத்துத் தூளியில் போட்டுவிட்டு வேலை செய்வாள். ஒருநாள் அவள் கூடையில் உடையாத நீலச் சீசா ஒன்று மண் அப்பிக்கொண்டு வந்தது.

"டீச்சர், இத நான் எடுத்துக்கிறட்டா? அம்புட்டு அழகா இருக்கு."

என்னிடம் நீலத்தில் ஒன்றுமே இல்லை. மனசில்லாமல்தான் கொடுத்தேன்.

அடுத்த இரண்டு நாள் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்க வேண்டும் என்று அவள் வரவில்லை. அதே குழியில் ஒரு நீலச் சில்லு கிடைத்தது. வரிவரியாகப் புடைப்பு, நடுவில் 'டூ பி' என்று இங்கிலீஷ் எழுத்து. பக்கத்துத் தெருக் கம்பவுண்டரிடம் காட்டினேன். அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இது விஷ மருந்து பாட்டில் டீச்சர். மேலுக்குப் பூசுறது. இருட்டுல தொட்டாலே தெரியணும்னு இந்த வரி. 'நாட் டூ பி டேக்கன்'னு போட்டிருப்பான். உள்ளுக்குச் சாப்பிடக் கூடாதுன்னு."

சீசாவைக் கொண்டுபோனவளுக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்த நான் கழுவிப் பார்க்காமல் கொடுத்திருந்தேன்.

கிடைத்த பஸ்ஸில் அகரத்துக்குப் போனேன். அவள் வாசலில் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் சீசா.

"வயிறு உப்பிக்கிட்டு அழுதான். ஓமத்தண்ணி வாங்கி இதுல ஊத்தி வச்சுக் குடுக்குறேன். நல்லா சாம்ப போட்டு வெளக்கிட்டேன் டீச்சர்."

விஷயத்தைச் சொன்னேன். அவள் சீசாவைப் பார்க்கவே இல்லை; குழந்தையின் கண்ணையும் நாக்கையும் விரித்துப் பார்த்தாள்.

"நேத்து ஒரு தடவ கக்குனான்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவரும் பெரியாஸ்பத்திரிக்கு வந்தோம். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லி, மறுபடியும் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். வெளியே வந்ததும் என் தப்புதான் என்றேன்.

"நீங்க தெரிஞ்சா குடுத்தீக? நாந்தான கேட்டு வாங்குனேன்."

"கழுவிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்மா."

அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"இனிமே கழுவிட்டுக் குடுங்க" என்றாள்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். சீசா எங்கே என்று கேட்டேன்.

"கல்லுல போட்டு ஒடச்சுப் பொதச்சிட்டேன் டீச்சர்."

ஐயோ, என்னிடம் கொடுத்திருக்கலாமே என்று வாய்வரை வந்துவிட்டது. என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

"நல்லதுதான் செஞ்ச" என்றேன்.