ஞானஜோதி உட்கார்ந்த பக்கம்

பழைய வண்டியை விற்கிறவன் பொய் சொல்வான். அது அவன் உரிமை என்றே மொஹ்சின் விட்டுவைத்திருந்தார். வண்டி பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். அது சொன்னால் கண்டுபிடிக்க அவர் இருந்தார்.

மேற்குத் தாம்பரத்தில் அப்பாவின் டிங்கரிங் ஷெட்டில் வளர்ந்தவர். நசுங்கிய வண்டியைத் தட்டி நேராக்கி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்துப் புதுப்பெண் மாதிரி கொண்டுவந்து நிறுத்துகிற வித்தையெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனால்தான் சென்னையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம் பிடித்தவர்கள் வாங்குவதற்கு முன்னால் அவரைத் தேடி வந்தார்கள். ரெண்டே சீட்டு, மழை வந்தால் ஒழுகுகிற துணிக்கூரை, ஒரு போல்ட் போனால் சீமையிலிருந்து வரவழைக்க வேண்டும். இதற்கா இத்தனை அலைச்சல் என்று அவருக்கு உள்ளுக்குள் சிரிப்புதான். ஆனால் வண்டி முன்னால் போய் நின்றதும் சிரிப்பெல்லாம் போய், டாக்டர் முகம் வந்துவிடும்.

ஃபிளானல் துணியில் சுற்றிய ஒரு காந்தம், ஒரு டார்ச், வலது கை நகம். இவைதான் அவருடைய ஆயுதங்கள். காந்தம் பிடித்தால் தகடு, வழுக்கினால் பட்டி. அதற்குப் பிறகு அவர் செய்வதுதான் விசேஷம். ஓட்டினவனின் உடம்பை வண்டிக்குள் தேடுவார். கிளட்ச் ரப்பர் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, சீட்டு எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, ஸ்டியரிங்கில் மோதிரம் உரசிய கோடு உண்டா என்று பார்ப்பார். கடைசியில், வேறு யாரும் குனிந்து பார்க்காத இடது பக்கத் தரைக்கு வருவார். ஓட்டுகிறவன் கண்மண் தெரியாமல் ஓட்டினால், பக்கத்தில் இருப்பவர் கால் தன்னையறியாமல் தரையை மிதிக்கும், அங்கே ஒரு பிரேக் இருப்பது மாதிரி. பல வருஷம் மிதித்தால் கார்ப்பெட்டில் குதிகால் அளவுக்குக் குழி விழும்.

"வண்டி எப்டி ஓடிச்சின்னு ஓட்னவன கேக்காத. பக்கத்துல குந்தினு இருந்தவங்க காலைக் கேளு" என்பார், தேநீர்க்கடையில் யாராவது வாயைக் கிளறினால்.

போன கோடையில் எட்மண்ட் என்பவர் போன் செய்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர், சேலையூரில் கேம்ப் ரோடுக்குப் பின்னால் வீடு. பச்சை நிற எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று ஷெட்டில் நிற்கிறதாம், மேடவாக்கத்தில் ஐ.டி. கம்பெனிக்காரன் ஒருவன் கேட்கிறானாம்.

"மூணு பேர் வந்து விலை சொல்லிட்டுப் போயிட்டாங்க பாய். எனக்கு விலை வேணாம். வண்டியில ஒரு இடம் இருக்கு, அத மட்டும் பாத்துச் சொல்லணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சிலிருந்து திரும்பின நேரத்துக்கு மொஹ்சின் போனார். ஷெட்டுக்குள் கால் வைத்ததும் வெளிச் சத்தமெல்லாம் அறுந்துபோனது. ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழப் பறந்தது, அதுகூட எங்கோ அடுத்த ஊரில் போவது போலத்தான் கேட்டது. வண்டி அப்பழுக்கில்லாமல் நின்றது. காந்தம் எங்கேயும் வழுக்கவில்லை. ஓட்டின கால் நெட்டையான ஆளுடையது, ஆக்சிலேட்டரை அழுத்தியே பழகியது. மொஹ்சின் எட்மண்டை நிமிர்ந்து பார்த்தார். அவர் உயரம்தான்.

பிறகு இடது பக்கக் கதவைத் திறந்து குனிந்தார். கார்ப்பெட் புத்தம் புதுசு. அதில் ஒரு குதிகால் குழி.

கார்ப்பெட்டைத் தூக்கினார். கீழே தகடு சின்னதாகப் பள்ளம் விழுந்து, கண்ணாடி போலப் பளபளத்தது. பெயிண்ட் போன இடத்தைச் சும்மா விட்டால் நம் ஊர் ஈரத்தில் ஒரு மழைக்கே துரு ஏறிவிடும். துரு இல்லையென்றால் அந்த இடம் இன்னும் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மொஹ்சின் நிமிர்ந்தார்.

"இந்தப் பக்கம் யார் சார் குந்துறாங்க?"

"இப்ப யாருமில்ல. என் வைஃப் ஞானஜோதி உட்காருவா. அவ உடம்பு முடியாம போய்ச் சேந்துட்டா. அதுக்கப்புறம் நான் இத ரோட்டுக்கே எடுக்கல. சண்டே மட்டும் இங்கயே ஸ்டார்ட் பண்ணி, உள்ள உக்காந்து, ஆக்சிலேட்டரக் கொஞ்சம் குடுப்பேன். பழைய நாள் மாதிரி இருக்கும்." எட்மண்ட் கார்ப்பெட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "அவ போனப்புறம் மாத்தினதுல இது மூணாவது கார்ப்பெட் பாய்."

மொஹ்சின் கார்ப்பெட்டைப் பழையபடி விரித்தார்.

"எலின்னா எலின்னு சொல்லுங்க. தகடு கெட்டுப்போச்சுன்னா அதச் சொல்லுங்க. வித்துட்டு நிம்மதியா இருந்துடுவேன். கல்யாணமான நாள்லேர்ந்து அவள பக்கத்துல வச்சுதான் ஓட்டியிருக்கேன், பறந்திருக்கேன். அவளுக்கு இந்த வண்டின்னா உயிர்னு நெனச்சிக்கிட்டிருக்கேன். அது பொய்னு ஆயிடக்கூடாது. எனக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

ஓட்டிப் பார்க்காமல் மொஹ்சின் தீர்ப்புச் சொல்வதில்லை. சாவியை வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினார்.

மேடவாக்கம் ரோட்டில் ஏறியதும் வழக்கம்போல மிதித்தார். மெதுவாக ஓட்டுவது அவர் ஜாதகத்திலேயே இல்லை. மனைவி அஜீசா அதற்காக ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதைத் தன் ஓட்டுக்குக் கிடைத்த சர்டிபிகேட் என்றே அவர் வைத்திருந்தார். மூன்றாவது கியர் விழுந்து வண்டி சீறியபோது இடது பக்கத் தரையில் சத்தம் கேட்டது. டொக். டப்பா மூடியை அழுத்தினால் வருமே, அந்தச் சத்தம்.

சைலன்சர் தட்டுகிறது என்று நினைத்தார். ஓரங்கட்டி, கைக்குட்டையை விரித்துப் படுத்து அடியில் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. மறுபடி எடுத்தார். மெதுவாகப் போனவரைக்கும் சத்தமே இல்லை. வேகம் கூட்டினார், டொக். குறைத்தார், நின்றுபோனது. இதற்கு ஒரு காரணம் இருந்தே ஆகவேண்டும் என்று அவருக்குள் இருந்த டிங்கர் அடம்பிடித்தான். எதிர்க்க வண்டி வருவது தெரிந்தும், முன்னால் போன தண்ணீர் லாரியை ஓவர்டேக் செய்தார்.

செய்துகொண்டே இடது பக்கம் பார்த்தார். பட்டப்பகல், வெயில் நேராக உள்ளே விழுந்தது. கார்ப்பெட் மெல்ல அமுங்கியது. ஒரு குதிகால் அளவுக்கு அமுங்கி, அமுங்கின வாக்கிலேயே நின்றது. காலி சீட்டின் விளிம்பும் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது, முன்னால் சரிந்து கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் உள்வாங்குமே, அப்படி.

லாரியைத் தாண்டிவிட்டார். பேய் பிசாசு என்று யாராவது பேசினால் கேலி செய்கிற மனுஷன், அன்று காலி சீட்டிடம் வாய்விட்டுப் பேசினார்.

"மெதுவா போறேம்மா. பயப்படாதீங்க."

சைக்கிள் வேகத்துக்கு வந்தார். இட்லியை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் எழும்புகிற மாதிரி கார்ப்பெட் மேலே எழும்பியது. சேலையூர் வரும்வரை அவர் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனான்.

எட்மண்ட் கேட்டருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கும் சத்தம் கேட்டுதா?"

"கேட்டுது சார்."

"தகடுதானே? தகடு கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்களேன் பாய்."

இப்போது ஒரு பொய் சொன்னால் இந்த மனிதர் நிம்மதியாகத் தூங்குவார் என்று மொஹ்சினுக்குத் தெரிந்தது. சொல்லவும் வாயெடுத்தார். ஆனால் அப்படிச் சொன்னால் வண்டி மேடவாக்கத்துக்குப் போகும், அந்த ஐ.டி. பையன் அதை ஓ.எம்.ஆர். ரோட்டில் விரட்டுவான், பக்கத்தில் அவள் இருப்பாள்.

"தகடு நல்லாதான் சார் கீது. வேகமா போனாதான் அமுங்குது. மெதுவா போனா சும்மா கீது."

எட்மண்ட் கேட்டை விட்டுத் திரும்பி நடந்தார். அப்புறம் ஷெட் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை தடவை கேட்டிருப்பேன், பயமா இருக்கான்னு. இல்லையே, நல்லாதான் ஓட்டுறீங்கம்பா. சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவா." கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செத்தப்புறமும் என்கூட உக்காந்து பயந்துக்கிட்டு இருக்கா. நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து இன்னும் மிதிக்கிறேன்."

மொஹ்சின் அவர் தோளில் கை வைத்தார்.

"பேட்டரியக் கழட்டிடுங்க பாய். மேடவாக்கத்துப் பையன்கிட்ட இல்லன்னு நான் சொல்லிக்கிறேன். இனிமே இத யாரும் ஸ்டார்ட் பண்ண வேணாம். அவ இறங்கட்டும்."

பேட்டரி ஒயரைக் கழற்றியபின் எட்மண்ட் சுற்றிவந்து இடது பக்கக் கதவை அகலத் திறந்து வைத்தார். ஆட்டோவிலிருந்து இறங்குகிறவர்களுக்கு வழி விடுவது போல ஒதுங்கி நின்றார். மொஹ்சினும் தன்னையறியாமல் ஓரடி தள்ளி நின்றார்.

மறுநாள் காலை பொத்தேரியில் அஜீசாவின் தங்கை வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. அஜீசா வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மொஹ்சின் தன் மாருதியின் இடது பக்கக் கதவைத் திறந்து நின்றார். ஊரார் வண்டியெல்லாம் பார்த்தவர், இந்தப் பக்கம் ஒருநாளும் குனிந்ததில்லை.

ரப்பர் மேட் நன்றாகத்தான் இருந்தது. அதைத் தூக்கினார். அடியில் பழைய மேட்டிலிருந்து சதுரமாக வெட்டின ஒரு துண்டு, ஓரம் வெளியே தெரியாதபடி கச்சிதமாக ஒட்டியிருந்தது. அவருடைய அப்பாகூட அப்படிப் பட்டி வைத்திருக்க மாட்டார். நகத்தால் நெம்பி எடுத்தார். கீழே கார்ப்பெட் ஓட்டையாகி, குதிகால் அளவுக்குத் தகடு பளபளத்தது.

"இன்னாங்க தேடுறீங்க?" அஜீசா பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"நான் ஓட்டும்போது உனக்குப் பயமா கீதா?"

அவள் அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். பிறகு எப்போதும் போலச் சிரித்தாள்.

"இல்லையே. நல்லாதான் ஓட்டுறீங்க."

மொஹ்சின் வண்டியை எடுத்தார். பெருங்களத்தூர், வண்டலூர் எல்லாம் ஊர்ந்தே கடந்தார். பின்னால் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். அவர் காது முழுக்க இடது பக்கத்திலேயே இருந்தது. ஏன் இப்படி உருட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று அஜீசா கேட்கவில்லை. கூடுவாஞ்சேரி வந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டு மேல் மடித்துப் போட்டுக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படி உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை.