அஸ்கலெச் போடும் முடிச்சு

ஒருத்தனுடைய மேல்துணி முனையை ஒரு கையிலும் மற்றவனுடையதை இன்னொரு கையிலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முடிச்சுப் போடும்போது, சண்டை போட்ட இரண்டு பேரும் கப்சிப்பென்று நிற்கிறார்கள். "அரசர் மேல ஆணை. அசைஞ்சீங்க, தொலைஞ்சீங்க" என்கிறாள். கழுதைக்காரன் நல்ல உயரம். உப்பு வியாபாரி அவனுக்கும் மேல். அஸ்கலெச் அவர்கள் மார்பு மட்டத்துக்குத்தான் வருவாள். முடிச்சைப் பிடித்து இருவரையும் தெருவோரம் இழுத்துப் போய், முதலில் எதிர்ப்படும் பெரிய மனிதரை மறித்து, வழக்கைக் கேட்கச் சொல்லிக் கல்லில் உட்கார வைத்துவிட்டுத்தான் தன் மிளகாய்ப் பொடி மூட்டைக்குத் திரும்புவாள்.

அடிஸ் அபாபா சந்தையில் யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். அரசர் பெயரைச் சொல்லி நிறுத்தினால் நிற்க வேண்டும், வழியே போகிறவர் நியாயம் கேட்க மறுக்கக் கூடாது. ஆனால் வேலை மெனக்கெட்டு ஊர்ச் சண்டைக்குள் தலையைக் கொடுக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? இவளுக்கு இருக்கிறது. கவிழ்த்துப் போட்ட காலி பெட்ரோல் டின்தான் இவள் ஆசனம். எங்கேயாவது சத்தம் உயர்ந்தால், பொடி வாங்க வந்தவளை அப்படியே நிற்க வைத்துவிட்டு டின்னை உதைத்துக்கொண்டு ஓடுவாள். திரும்பி வரும்வரை அந்த அம்மாள்தான் கடைக்குக் காவல். காரம் போதவில்லை என்று எவளாவது வாய் தவறிச் சொன்னால் போதும், அவளுக்கு ஜென்மத்துக்கும் பொடி கிடையாது. நோன்பு நாளில் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் படாத நாக்கு, திட்டுவதற்கு மட்டும் நோன்பு பிடிப்பதில்லை.

முடிச்சை விட முக்கியம் ஜாமீன். இரண்டு தரப்பும் ஆளுக்கொரு ஜாமீன் காட்டினால்தான் வழக்கே தொடங்கும். அடித்தவன் மறுபடி கை நீட்டினாலும் சரி, கம்பி நீட்டினாலும் சரி, ஜாமீன் நின்றவன் கழுத்தில்தான் துண்டு விழும். "வாயால ஜாமீன் நிக்கிற பழக்கம் எங்க ஊர்ல இல்ல" என்பது அஸ்கலெச் அடிக்கடி சொல்வது. சொந்த மைத்துனனையே ஒரு முறை அப்படி இழுத்து வந்தவள்.

இத்தாலிக்காரன் வடக்கே எல்லை தாண்டி உள்ளே வந்த சமயம், துணிக்கடை ஸ்தாவ்ரோ பத்திரிகையைப் படித்துச் சொன்னார். ஜினீவாவில் ஐம்பது நாடுகள் கூடி, அடித்தவன் இத்தாலிதான், குற்றம் அவன் மேல்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டனவாம். ஒருத்தன் மேல் கை வைத்தால் எல்லார் மேலும் வைத்த மாதிரி என்று முன்பே கையெழுத்துப் போட்டவர்களாம். அஸ்கலெச்சுக்குத் தலைகால் புரியவில்லை. அவளுடைய ஒரே மகன் பெலாய், இதே இத்தாலிக்காரனை முன்பு தோற்கடித்து விரட்டிய அத்வாப் போரில் தாத்தா பிடித்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வடக்கே போயிருந்தான். ஐம்பது ஜாமீன்! அன்று வந்தவர்களுக்கெல்லாம் பொடியைத் தலைதட்டாமல் அளந்து போட்டாள். நம்பினாளே, பாவி!

பிறகு ஒவ்வொன்றாக வந்தது செய்தி. சண்டை தொடங்குமுன்பே இரு தரப்புக்கும் ஆயுதம் விற்பதில்லை என்று பெரிய நாடுகள் கதவைச் சாத்தியதைக் கேட்டு அவள் பொடி வாரிய கை அப்படியே நின்றது. அவனுக்குச் சொந்தத்தில் தொழிற்சாலைகள், நமக்குத் தாத்தா துப்பாக்கி. "அடிபடறவன் கையில இருக்கற தடியை மட்டும் பிடுங்கிட்டு, ரெண்டு பேருக்கும் ஒரே நியாயம்னு நான் சொன்னா, இந்தச் சந்தை என்னை உசிரோட விடுமா?" என்று கேட்டாள். இத்தாலியின் படைக் கப்பல்கள் சூயஸ் கால்வாயில் வரி கட்டிவிட்டு ஜோராகப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் ஒரு நாள், இத்தாலிக்கு எதை எதை விற்கக் கூடாது என்ற சேதி வந்தது. கோவேறு கழுதை விற்கக் கூடாது, ரப்பர் விற்கக் கூடாது. பெட்ரோல்? அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

"வானத்துல பறந்து வந்து குண்டு போடறது கோவேறு கழுதையா, ஸ்தாவ்ரோ?" என்றாள் அஸ்கலெச். ஸ்தாவ்ரோ பத்திரிகையை மடித்து வைத்துவிட்டார். அந்த மனிதர் என்ன செய்வார்.

நோன்புக் காலத்தில் பெலாய் வந்து சேர்ந்தான். கோவேறு கழுதைமேல் மூட்டையைப் போலக் கட்டி யாரோ ஒரு புண்ணியவான் ஓட்டி வந்திருந்தான். விமானங்கள் மழை மாதிரி எதையோ தெளித்துக்கொண்டு போயினவாம். பட்ட இடமெல்லாம் தோல் உரிந்து, கண் இரண்டும் வெந்துவிட்டன. ஜினீவாக்காரர்கள் இதை நிறுத்திவிடுவார்கள், அதுவரை தாக்குப் பிடியுங்கள் என்று அங்கே படைத் தலைவன் சொல்லியிருந்தான் போலிருக்கிறது. கட்டுப் போட்ட முகத்தைத் திருப்பி மகன் தினமும் ஒன்றையே கேட்டான்: "நிறுத்திட்டாங்களாம்மா? நம்ம பசங்க இன்னும் அங்கதான் இருக்காங்க." வார்த்தைக்குப் பஞ்சமே இல்லாதவள், "பேசிக்கிட்டிருக்காங்கப்பா" என்றாள். சொல்லிவிட்டு வெளியே வந்து தன் வாயிலேயே அறைந்துகொண்டாள். வெறுங்கையோடு இனி அவன் முன்னால் போக அவளால் முடியாது. ஒரு பதில் வேண்டும்.

மறுநாள் மிளகாய்ப் பொடி மூட்டை அவிழவில்லை. அவள் ஒரு தூதரக வாசலில் நின்றாள். எந்த நாட்டுடையது என்று சொல்லி என்ன ஆகப் போகிறது, ஐம்பதில் ஒன்று. மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு செயலாளர் துரை வெளியே வந்தார். நம் மொழியைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிறவர். இவளுடைய முடிச்சைப் பார்த்து, எவ்வளவு அழகான வழக்கம் என்று மெச்சிப் படமெல்லாம் எடுத்தவர். "அரசர் மேல ஆணை, நில்லுங்க துரை" என்றாள். சிரித்தபடி நின்றார். கோட்டின் முனையைத் தன் முந்தானையோடு அவள் சேர்த்து முடிந்தபோதும் அந்தச் சிரிப்புப் போகவில்லை.

துக்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தோல் வியாபாரி அரகாவ் அகப்பட்டார். கல்லில் உட்கார்ந்தார். கூட்டம் கூடிவிட்டது.

"அடிச்சவன் எங்கேம்மா?" என்று கேட்டார்.

"அவன் என் கைக்கு எட்டல அண்ணே. ஜாமீன் நின்னவரைப் பிடிச்சுட்டு வந்திருக்கேன்." பெலாய்க்கு நேர்ந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

அரகாவ் துரையின் பக்கம் திரும்பி, ஜாமீன் நின்றது உண்மையா என்று கேட்டார். அதெல்லாம் அரசாங்கங்களுக்குள் நடந்த ஒப்பந்தம், தான் வெறும் செயலாளர் என்றார் துரை. அரசாங்கம் கையெழுத்துப் போட்டதா இல்லையா என்று அரகாவ் விடாமல் கேட்டார். போட்டதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

"ஆனா கேளுங்க ஐயா" என்றார் துரை. "பெட்ரோலை நிறுத்தினா அவன் எங்க மேல பாய்வான். உங்களுக்காக எங்க பிள்ளைங்களை இன்னொரு சண்டைக்கு அனுப்ப முடியுமா? நாளைக்கு எங்களுக்கே ஒரு ஆபத்துன்னா அவன் தயவு வேணாமா?"

பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றை எரிக்கிறது.

அஸ்கலெச் சத்தம் போடவில்லை. "பாய்வான்னு தெரிஞ்சா எதுக்கு ஜாமீன் நின்னீங்க? நீங்க நிக்கலேன்னா நாங்க வேற துப்பாக்கி தேடியிருப்போமே. எம்புள்ள உங்களை நம்பியில்ல நின்னுட்டிருந்தான்."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார். ஒரு கையை உருவினார், மறு கையை உருவினார். "மன்னிச்சுக்கங்கம்மா" என்று தன்மையாகச் சொல்லிவிட்டு, சட்டையோடு வாசலுக்குள் நடந்தார். காவல்காரன் கதவைச் சாத்தினான். என்ன மரியாதை, என்ன நாசூக்கு! கன்னத்தில் அறைந்துவிட்டுப் போயிருந்தாலும் தேவலை.

கோட்டு முந்தானையில் தொங்கியது. நல்ல துணி, விற்றால் விலை போகும் என்று கூட்டத்தில் எவனோ சொன்னான். எதிராளி இல்லாமல் எதைக் கேட்பது, துக்க வீட்டுக்கு நேரமாகிறது என்று அரகாவ் எழுந்தார்.

"உட்காருங்க அண்ணே."

அவர் உட்கார்ந்தார். எதிராளி நிற்க வேண்டிய இடத்தில் அந்தக் கோட்டை மண்ணில் விரித்தாள். கைகளை நேராக இழுத்துவிட்டாள். குனிந்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழுத்துவரை போட்டாள். முடிச்சு இடம் கொடுத்த அளவுக்குத் தள்ளி நின்று, வழக்காடுகிறவள் செய்வதைப் போலத் தோள் துணியை இறக்கிவிட்டு, வலக்கையை அதன்மேல் நீட்டி, மகன் பெயரிலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.