மைக்கக்கா வாய் திறக்காத நாள்

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை அவளுக்கு. ஓட்டுநர்கள் வைத்த பெயர் மைக்கக்கா. கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து அவள் ஒரு அதட்டல் போட்டால், டீக்கடையில் கதையளந்துகொண்டிருக்கும் ஓட்டுநர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மைக் அணைவதில்லை என்பதுதான் அவள் கணவரின் ஒரே புகார்.

தங்கை அதற்கு நேர் எதிர். திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை. "சாப்டியா?" என்று கேட்டால்கூட யோசித்துத்தான் பதில் சொல்வாள். மந்தமெல்லாம் இல்லை, நிதானம். அந்த நிதானத்தைப் பொறுக்க அக்காவால் ஆகாது. பள்ளியில் ஆசிரியர் கேட்டதற்கும், கடைக்காரர் கேட்டதற்கும், கடைசியில் திருமணப் பதிவு அலுவலகத்தில் "சம்மதமா?" என்று கேட்டதற்கும் அக்காவே பதில் சொல்லிவிட்டாள். யாரைக் கட்டிக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளைக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டதாம்.

இத்தனை வாய் பேசுகிறவளுக்கு வயிற்றில் மட்டும் கரு தங்கவில்லை. கடைசித் தடவை அவள் உயிர் பிழைத்ததே பெரிய விஷயம், கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வேலைக்குத் திரும்பினாள், வண்டிகளை அனுப்பினாள், அழுகை வரும்போது மட்டும் மைக்கை நிறுத்திவைத்தாள்.

ஒருநாள் தங்கை தன் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து, "நான் சுமக்கறேன்க்கா" என்றாள். "உனக்கென்ன பைத்தியமா?" என்று அக்கா எரிந்து விழுந்தாள். தங்கை விடவில்லை. வாராவாரம் வந்து அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். அப்படி அவள் எதற்கும் பிடிவாதம் பிடித்ததில்லை. அக்காவே தளர்ந்துபோய்ச் சரி என்றாள்.

மருத்துவர் முதலில் அனுப்பியது வக்கீலம்மாவிடம். மருந்துக்கடைக்கு மேலே, மாடிப்படி ஏறும்போதே மாத்திரை வாசம் அடிக்கிற அலுவலகம். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"கரு உங்களோடதா இருக்கலாம். ஆனா இங்க சட்டப்படி பெத்தவங்கதான் அம்மா. குழந்தை பிறக்கறதுக்குள்ள கோர்ட்ல உத்தரவு வாங்கணும். இல்லேன்னா சர்டிபிகேட்ல உங்க தங்கச்சி பேருதான் வரும்."

"அப்ப நான்?"

"பெரியம்மா."

அந்த வார்த்தை அக்காவைச் சுருக்கென்று தைத்தது. தங்கையின் பிள்ளைகள் அப்படிக் கூப்பிடும்போது இனித்த வார்த்தைதான் அது.

தங்கைக்கென்று தனி வக்கீல் வேண்டும் என்பதும் விதி. யாரும் அவளை வற்புறுத்தவில்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டுமாம். வைத்தார்கள். அந்த வக்கீல் தங்கைக்குப் போன் செய்தால் எடுத்துப் பேசுவது யார்? கேட்கவே வேண்டாம்.

அக்காவின் கரு தங்கையின் வயிற்றில் தங்கியது. அக்கா, கணவர் பெயரில் மனுவும் போட்டாயிற்று. விசாரணைக்கு அழைக்கும்போது தங்கைக்கு நிறைமாதம் நெருங்கிவிட்டது. நீதிபதி தன் சின்ன அறையிலேயே விசாரித்தார். தங்கையைப் பார்த்து, "இதுக்கு நீங்க மனசார சம்மதிச்சீங்களாம்மா?" என்று கேட்டார்.

தங்கை யோசித்தாள். மின்விசிறி சுற்றியது. அக்காவுக்கு நாக்கு அரித்தது.

"சம்மதிச்சாங்க ஐயா! முழு மனசோட சம்மதிச்சாங்க!"

நீதிபதி பேனாவை மூடினார். "உங்கள யாரு கேட்டா? அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

வெளியே வந்ததும் வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "கட்டாயப்படுத்தி இழுத்துட்டு வந்திருக்கீங்கன்னு அவர் நினைச்சா தப்பு சொல்ல முடியுமா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, குழந்தை பிறக்கறதுக்குள்ள உத்தரவு வராது."

அந்த வாரம் முழுக்க மாடி அலுவலகத்தில் அக்காவுக்கு வாய் மூடும் பயிற்சி நடந்தது. "டீக்கு எவ்வளவு சர்க்கரை?" என்று வக்கீலம்மா தங்கையைக் கேட்பார். "அரை ஸ்பூன்" என்று அக்காவின் வாயிலிருந்து தானாக விழும். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "இனிமே எனக்குச் சர்க்கரையே வேணாம்க்கா, நீ நிம்மதியா இரு" என்பாள்.

மறு விசாரணையில் அக்கா வெளியே இருக்கட்டும் என்று தங்கையின் வக்கீல் சொன்னார். தங்கை மெதுவாகத் தலையாட்டி மறுத்தாள். "அக்கா இருக்கட்டும்." நீதிபதி, "இருக்கட்டும். வாயத் திறந்தா வெளிய அனுப்பிடுவேன்" என்றார். அக்கா கைக்குட்டையைச் சுருட்டிப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

அதே கேள்வி. அதே மின்விசிறி. தங்கை தன் பாட்டுக்கு யோசித்தாள். அக்காவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கணவர் அவள் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார். 'சொல்லுடி, தாயே, சொல்லித் தொலையேன்!' என்று மனசுக்குள் கத்தினாள் அக்கா.

"அக்கா கேக்கல ஐயா" என்று தங்கை தொடங்கினாள். "நான்தான் கேட்டேன். அவ வேணாம்னு திட்டினா. நான் விடல. எல்லாத்துக்கும் எனக்காக அவதான் பேசுவா. இது ஒண்ணுதான் நானா பேசினது."

நீதிபதி முன்னால் சாய்ந்தார். "குழந்தைய விட்டுட்டுப் போகும்போது கஷ்டமா இருக்காதா?"

இந்தத் தடவை இடைவெளி இன்னும் நீண்டது. அக்காவுக்கே அந்தப் பதில் தெரியவில்லை. தங்கைக்காக இத்தனை பதில் சொன்னவளுக்கு, அவளிடம் இதைக் கேட்கத் தோன்றவே இல்லை.

"இருக்கும். கொஞ்ச நாள் அழுவேன். ஆனா இது அவ குழந்தை ஐயா. என்கிட்ட பத்திரமா இருந்துச்சு, அவ்வளவுதான். அக்கா வீடு அடுத்த தெருதான். ஆசையா இருந்தா நடந்து போய்ப் பாத்துக்குவேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கேயே உத்தரவு சொன்னார். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தாயும் தந்தையும் மனுதாரர்களே. "இப்ப பேசலாம்மா" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். கைக்குட்டையை எடுத்துவிட்டு அவள் நீதிபதியைக் கும்பிட மட்டும் செய்தாள். நீதிமன்ற வாசலில் தங்கையைக் கட்டிக்கொண்டு அவள் போட்ட கூச்சலில்தான் அந்தத் தெருவுக்கே விஷயம் தெரிந்தது.

பத்தே நாளில் பெண் குழந்தை பிறந்தது. செவிலி துணியில் சுற்றிக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தாள். கைக்குள் அடங்குகிற சூடு. படுக்கையிலிருந்த தங்கையையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க குழந்தைக்குப் பெரியம்மாங்களா?" என்று கேட்டாள் செவிலி.

ஊருக்கே வண்டி அனுப்பிய வாய் அது. திறந்தது, அப்படியே நின்றது. கண்ணீர் மட்டும் கொட்டியது.

தங்கை இந்த ஒரு தடவை யோசிக்கவே இல்லை.

"அம்மா சிஸ்டர்! அவதான் அம்மா. நான் சித்தி!"