சைவமா என்று கேட்டேன்

பல்கலைக்கழக விடுமுறையில் மூன்று மாதம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். மலேசியாவில், கோலா சிலாங்கூரிலிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால், செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு செம்மண் சாலை உள்ளே திரும்பும். அதன் முடிவில் பள்ளி. மொத்தம் நாற்பத்தொரு பிள்ளைகள். மற்ற ஆசிரியர்கள் யாரும் விரும்பாத வேலையைத் தலைமையாசிரியர் முதல் வாரமே என்னிடம் ஒப்படைத்தார். அது ஓய்வு நேரக் கண்காணிப்பு.

ஓய்வு நேரம் இருபது நிமிடம். மணி அடித்ததும் பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடுவார்கள், அங்கே வாங்கியதிலோ வீட்டு டப்பாவிலோ இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார்கள், மீதியைத் தொட்டியில் கொட்டிவிட்டுத் திடலுக்குப் பறப்பார்கள். பதினோரு மணிக்கெல்லாம் பசியில் மேசையின்மேல் தலை சாய்ப்பார்கள். இதை நான் இரண்டு வாரம் பார்த்தேன். பிறகு வரிசையைத் திருப்பிப் போட்டேன். முதல் பத்து நிமிடம் விளையாட்டு, அடுத்து கை கழுவல், அதன்பின் மண்டபத்தில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து சாப்பாடு. விளையாடி முடித்த பிள்ளைக்கு ஓடுவதற்கு வேறு இடமில்லை. அதனால் உட்கார்ந்து சாப்பிட்டது. தொட்டியில் விழும் சோறு பாதியாகக் குறைந்தது. நான் அதிகம் பேசாதவள், எனவே இந்த வெற்றியை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அதை இங்கே மறைப்பது நேர்மையாகாது.

வட்டத்தில் சேராத பிள்ளை ஒருத்தி இருந்தாள். இரண்டாம் ஆண்டு மாணவி. அவளுக்கு இறால் ஒவ்வாது. இறாலோ, இறால் சேர்ந்த எதுவோ நாக்கில் பட்டால் உதடு வீங்கும், தொண்டை அடைக்கும். பள்ளி அவளுக்கென்று அலுவலக வாசலில் ஒரு தனி மேசையை ஒதுக்கியிருந்தது. அவள் அம்மா ஒரு சிறு பையில் மருந்துப் புட்டியையும் கரண்டியையும் வைத்து என்னிடம் கொடுத்தபோது, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நாலு வயசுல ஒரு தடவ நீலமாயிட்டா டீச்சர். என் மடியிலயே. உதடு வீங்குனா இந்த மருந்த குடுங்க. மூச்சுல சத்தம் வந்துச்சுன்னா மருந்து வேல செய்யுதான்னு பாத்துக்கிட்டு நிக்காதீங்க. எனக்குப் போன் போடவும் நிக்காதீங்க. நேரா கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடுங்க."

அன்றிலிருந்து அந்தப் பையை என் இடுப்புப் பட்டையில் கோத்து வைத்திருந்தேன். கழிவறைக்குப் போகும்போதுகூட அதைக் கழற்றியதில்லை.

தனி மேசை அவளைக் காப்பாற்றியது. அவளைச் சாப்பிட விடாமலும் செய்தது. டப்பாவைத் திறப்பாள், மண்டபத்தைப் பார்ப்பாள், மூடுவாள். மற்ற பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

"ஏய், அவகிட்ட போகாத லா, ஒட்டிக்கும்!"

"எறா நோய்! எறா நோய்!"

ஒருநாள் அவள் என்னிடம் வந்து, "டீச்சர், எனக்கு இருக்கறது ஒட்டுற வியாதியா?" என்று கேட்டாள். அழவில்லை. அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவள் அம்மாவும் வந்து நின்றார். "குடுத்து வுட்டது அப்படியே திரும்பி வருது டீச்சர். காத்துல பறக்கற மாதிரி ஆயிட்டா. கூட்டத்தோட ஒக்கார வைக்க முடியுமா? ஆனா பாத்துக்கணும்." இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார். ஒரு தாய் இரண்டையும்தான் கேட்க முடியும்.

அந்தச் சமயத்தில்தான் புரட்டாசி பிறந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அந்த மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. மீன் கிடையாது, முட்டை கிடையாது. பாசிர் பெனம்பாங் படகுத்துறையில் நாள் முழுக்க மீன் பெட்டி தூக்குகிறவர்கூட வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாம்பார் சோறுதான் சாப்பிடுவார். சிற்றுண்டிச்சாலையை நடத்திய அம்மா கிறிஸ்துவர். அவரும் அந்த மாதம் சைவம்தான் சமைப்பார்.

"ஒங்க சாமிக்குப் பயந்து இல்லம்மா," என்று கரண்டியை ஆட்டிச் சொன்னார். "இந்தப் பிள்ளைங்களோட அம்மாக்காரிங்களுக்குப் பயந்து! ஒரு நெத்திலி விழுந்தாப் போதும், கேட்டுக்கு வந்து நிப்பாளுங்க."

எனக்கு வழி கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. எல்லா டப்பாவும் சைவம் என்றால் எந்த டப்பாவிலும் இறால் இல்லை. அப்படியானால் இந்த ஒரு மாதம் அவள் வட்டத்தில் உட்காரலாம். மாதம் முடிவதற்குள் பிள்ளைகளும் பழகிவிடுவார்கள். தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர், "ஒங்க பொறுப்பு," என்றார். நான் சரி என்றேன்.

ஒவ்வொரு காலையும் வகுப்பு வாசலில் நின்று பிள்ளைகளிடம் கேட்டேன்.

"சைவமா?"

"சைவம் டீச்சர்!"

அதை அவர்கள் ராகம் போட்டுச் சொன்னார்கள். மூடியைத் திறந்து பார்க்கவில்லை. அவர்கள் யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்று நம்பினேன். நம்பியது சரிதான், ஒருவரும் பொய் சொல்லவில்லை.

ஏழு நாள் அவள் வட்டத்தில் இருந்து சாப்பிட்டாள். நான்காம் நாள் டப்பா காலியானது. பக்கத்தில் உட்கார்ந்த இன்னொரு இரண்டாம் ஆண்டுப் பெண் அவளுக்குத் தோழியானாள். இருவரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, இட்லியைக் கொடுத்து இடியப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். அதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லாம் சைவம்தானே.

எட்டாம் நாள், சாப்பாடு தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் எழுந்து என்னிடம் நடந்து வந்தாள்.

"டீச்சர், நாக்கு அரிக்குது."

கீழுதட்டின் ஒரு ஓரம் மட்டும் தடித்திருந்தது. குளவி கொட்டியதுபோல. என் கை பையைத் தேடியது. அது இடுப்பிலேயே இருந்தும் இரண்டு முறை தவறிப்போனது. மருந்தை ஊற்றும்போது பாதி அவள் சட்டையில் சிந்தியது. மறுபடியும் ஊற்றினேன்.

"என்ன சாப்பிட்ட?"

அவள் திரும்பித் தோழியைப் பார்த்தாள். தோழியின் மடியில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். அதில் வெளிர் ரோஜா நிறத்தில், பொரித்துச் சுருண்ட வறுவல்கள்.

"கெரோப்போ டீச்சர்," என்றாள் தோழி. "சைவம்தான். நேத்து சாமி கும்புட்டுட்டு நாங்க எல்லாரும் சாம்பாருக்குத் தொட்டுக்கிட்டோமே!"

சிற்றுண்டிச்சாலை அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "ஐயோ ஆண்டவரே. கெரோப்போவ எறால அரைச்சுத்தானேம்மா செய்வான்!"

அது எனக்கும் தெரியும். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். இறாலை மாவோடு பிசைந்து, வேகவைத்து, அரிந்து, வெயிலில் காயப்போடுவதைப் பாசிர் பெனம்பாங்கில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டிலும் புரட்டாசியில் சாம்பாருக்குப் பக்கத்தில் கெரோப்போ இருக்கும். அப்பளம் இருப்பதுபோல இருக்கும். அதை யாரும் கவுச்சி என்று நினைத்ததில்லை. அது கடையில் பொட்டலத்தில் வரும் பொருள், மீன் சட்டியில் வேகும் பொருளல்ல. இருபத்திரண்டு வருடம் அதை விரத நாளில் தின்றவள் நான். அந்த வீட்டிலிருந்து வந்துதான் வாசலில் நின்று, சைவமா என்று கேட்டேன். இறால் இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அப்போதுதான் அவள் மூச்சில் சத்தம் கேட்டது. மெல்லிய விசில்போல. உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று.

யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. சத்தம் போட்டுப் பழக்கமில்லாதவளுக்கு அவசரத்திலும் சத்தம் வராது என்று அன்றுதான் அறிந்தேன். சிற்றுண்டிச்சாலை அம்மா எனக்கும் சேர்த்துக் கத்தினார். "நிக்காதம்மா! தூக்கு! வேன்ல ஏறு!"

அவருடைய வேனில் காய்கறிக் கூடைகளைத் தள்ளிவிட்டுப் பின்னிருக்கையில் உட்கார்ந்தேன். அவரே ஓட்டினார். அவளை மடியில் நிமிர்த்தி, முதுகை என் மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். செம்மண் சாலையில் பாதி தூரம் போனதும் முன்னால் ஒரு லோரி, குலை குலையாகச் செம்பனைப் பழம் ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போனது. ஒதுங்க இடமில்லை. இரண்டு பக்கமும் கால்வாய். சிற்றுண்டிச்சாலை அம்மா ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

"ஏ மாட்டு லோரி! ஒதுங்குடா டேய்! பிள்ளை இருக்குடா!"

லோரி ஒதுங்கவில்லை. அதற்கும் இடமில்லைதான். நான் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டால் பயந்தேன். ஒரு நொடி கேட்காமல் போனால் அதைவிடப் பயந்தேன். என் கைக்குள் அவள் விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டன. ஒரு கோழிக்குஞ்சைக் கையில் வைத்திருப்பதுபோல் இருந்தது.

"டீச்சர்," என்றாள். குரல் கரகரத்தது. "நான் நீலமாயிட்டேனா?"

அவளைப் பெற்றவர் வீட்டில் சொல்லிச் சொல்லி அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது.

"இல்ல," என்றேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. பார்க்காமலேயே சொன்னேன்.

பெரிய சாலைக்கு வந்ததும் லோரி ஒரு பக்கம் திரும்பியது. பாலத்தை நெருங்கும்போது, மீன் பிடிக்கும் கிராமத்தின் பக்கமிருந்து காயும் இறாலின் வாடை காற்றில் வந்தது. நாள்தோறும் பேருந்தில் கடந்துபோகும் வாடை. நான் பாய்ந்து கண்ணாடியை ஏற்றினேன். முன்னாலும் ஏற்றும்படி கெஞ்சினேன். அந்த வாடைகூட அவளைக் கொன்றுவிடும் என்று நினைத்தேன். வேனுக்குள் வெப்பம் ஏறியது. பாலம் முடியும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன், அதனால் அவளுக்கு ஏதோ பயன் இருப்பதுபோல.

கிளினிக் வாசலில் ஒரு தாதி அவள் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். தொடையில் ஊசி போட்டார்கள், முகத்தில் மூச்சுக் கருவி வைத்தார்கள். கதவு மூடியது. அதன் பிறகு என் கைகளில் எடை இல்லை.  சிற்றுண்டிச்சாலை அம்மா பக்கத்தில் கண்மூடி ஜெபித்தார். எனக்கு வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. விரதத்தை நம்பித்தானே இங்கே வந்து நிற்கிறேன் என்று தோன்றியது.

புக்கிட் பெலிம்பிங் தொழிற்சாலையில் வேலை செய்த அவள் அம்மா, தலையில் வேலைக்குல்லாயுடன் அப்படியே வந்து சேர்ந்தார். அதற்குள் டாக்டர் வெளியே வந்து, மூச்சு சீராகிவிட்டது, இரவு முழுக்க மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அம்மா உள்ளே போய் மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நடந்ததை நான் வரிசையாகச் சொன்னேன். எதையும் விடவில்லை.

"சைவமான்னா கேட்டீங்க?" என்றார். "எறா இருக்கான்னு கேக்கலயா? நான் ஒங்ககிட்ட சைவம் பத்தியா டீச்சர் பேசுனேன்?"

 

மறுவாரம் தலைமையாசிரியர் அலுவலக வாசலில் அந்த மேசையை மீண்டும் போட்டு வைத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியே வந்தது. அவள் தனியாக இருக்கட்டும், பசியோடு இருக்கட்டும், மூச்சு விட்டுக்கொண்டு இருந்தால் போதும். ஆனால் மகளைக் கொண்டுவந்து விட்ட அம்மா அந்த மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"சார், இதுல ஒக்கார வச்சா இவ சாப்பிட மாட்டா."

"போன வாரம் என்ன ஆச்சுன்னு பாத்தீங்க இல்லம்மா?"

"பாத்தேன் சார். எனக்கும் பயந்தான். இவ ஆயுசுக்கும் தனியாத் தின்ன முடியாதே. நான் என்ன செய்ய, சொல்லுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், ஒவ்வொண்ணும் எதுல செஞ்சதுன்னு கேளுங்க. மூடிய தொறந்து பாருங்க."

என்னை மன்னித்துவிட்டாரா என்று தெரியவில்லை. வேறு ஆள் இல்லாததால்தான் என்னிடம் சொன்னார் என்றே நினைக்கிறேன்.

அன்றிலிருந்து எல்லா டப்பாவையும் திறந்தேன். சிற்றுண்டிச்சாலை அம்மா பக்கத்தில் நின்று முகர்ந்து பார்த்தார். பொட்டலத்தில் வந்த எதையும் வட்டத்துக்குள் விடவில்லை. பிள்ளைகள் சாப்பாட்டை மாற்றிக்கொள்வதை நிறுத்தினேன். சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் இன்னொரு முறை கை கழுவினார்கள். தோழி, ஒரு கை நீளம் தள்ளி உட்கார்ந்து, தன் சோற்றைக் குனிந்து சாப்பிட்டாள். நான் கேட்பதற்கு முன்பே, "அரிசி, உளுந்து, உப்பு. வேற ஒண்ணும் இல்ல டீச்சர். அம்மாகிட்ட மூணு தடவ கேட்டேன்," என்று ஒப்பித்தாள்.  அவளுக்கும் ஏழு வயதுதான்.

வட்டத்துக்குத் திரும்பியவள் முதல் மூன்று நாளும் எதையும் தொடவில்லை. தன் வீட்டு இட்லியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், நீங்க மொதல்ல சாப்பிடுங்க."

ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டேன். நான் சாப்பிடுவதால் அவளுக்கு எதுவும் நிரூபணமாகாது என்று எனக்குத் தெரியும். அவள் என் உதட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவளும் ஒரு விள்ளல் எடுத்தாள், மென்றாள், விழுங்கினாள், என்னையே பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகல," என்றாள்.

"ஒண்ணும் ஆகல," என்றேன்.

அடுத்ததை எடுத்தாள். மணி அடிக்கும்போது பாதி இட்லி மீதி இருந்தது. தோழியோடு வகுப்புக்கு ஓடினாள். நான் என் பாடவேளையை விட்டுவிட்டு, அவள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். பள்ளி விடும்வரை அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.